நாற்காலியைப் பற்றி நான் சொல்லாதது

மே 3, சனி

கேஸ் பதிவு செய்ய வேண்டும். மிக்ஸி பிளேடு தீட்டக் கொடுக்க வேண்டும். எங்கள் துறையை மூடப் போகிறார்கள்.

கடைசிச் செய்தியை இன்று காலை கல்லூரிச் செயலாளர் திரவியம் சொன்னார். ஊரில் பெரிய இரும்புக்கடை அவருடையது. கல்லூரியையும் கடை நடத்துவதுபோலத்தான் நடத்துகிறார். குறை சொல்ல முடியாது, இரண்டும் ஓடுகின்றன.

“மேடம், நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. போகாத சரக்க எத்தன நாள்தான் அடுக்கி வைக்கது?”

போகாத சரக்கு என்பது பி.ஏ. வரலாறு. இதுவரை ஏழு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஜூன் முடிவதற்குள் இருபது பேர் சேராவிட்டால் முதலாண்டு வகுப்பு கிடையாது. எங்கள் அறை கணினித் துறைக்குப் போய்விடும். நான் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைக்கலாம்.

“வரலாறு படிச்சா என்ன வேலைன்னு அப்பாமாரு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?”

“போட்டித் தேர்வு எழுதலாம் சார்.”

“அத பி.பி.ஏ. படிச்சவனும் எழுதுதானே மேடம்.”

உண்மைதான். அவரே வழியும் சொன்னார். விளம்பரம் வேண்டுமாம். என் முகம் நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். வியாபாரிகள் சங்க ஆண்டு விழா பதினெட்டாம் தேதி நடக்கிறது. அதற்கும் அவர்தான் தலைவர். அன்று பட்டிமன்றம். பேச வேண்டிய ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. அந்த இடத்தில் நான்.

இத்தனை வருடம் என் முகம் யாருக்கும் தெரியாமல் இருப்பதை ஒரு வசதியாக நினைத்திருந்தேன்.

நயினாரிடம் சொன்னேன். அவர் என் கணவர், கூட்டுறவு வங்கியில் மேலாளர். தீபாவளி, பொங்கல் காலையில் டிவி பட்டிமன்றத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பேச்சாளர் சிரிக்க வைக்கும் முன்பே சிரித்துவிடுகிறவர். “நீயா? பட்டிமன்றத்துலயா?” என்று அதே சிரிப்பைச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பேசுவ” என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தம்ளர் காபி குடித்து முடித்திருந்தார்.

மே 5, திங்கள்

தலைப்பு வந்துவிட்டது: “மாமனிதர்களை மாமனிதர்கள் ஆக்கியது அறிவே! அடக்கமே!” நான் அடக்கத்தின் அணி.

அணித் தலைவி தமிழ்த்துறை சங்கரவடிவு. என்னைவிட இளையவள், மேடையில் பழுத்தவள். மைக் பிடித்தால் அவள் கை மேலே போகும், குரல் கீழே வரும், கூட்டம் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவளே எனக்குப் பாடம் நடத்தினாள்.

“மேடம், ரொம்ப யோசிக்காதீங்க. ஒரு கருத்து, ஒரு கதை, ஒரு சிரிப்பு. திரும்ப ஒரு கருத்து, ஒரு கதை, ஒரு சிரிப்பு. மணி அடிச்சா உக்காந்துருங்க.”

“கதைக்கு ஆதாரம்?”

“மேடம்” என்று கை கூப்பினாள். “மூட்டை தூக்கிட்டு, கடை அடைச்சிட்டு வந்து உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்டப் போயி ஆதாரம் கீதாரம்னு ஆரம்பிச்சிராதீங்க.”

எனக்கு இந்தத் தலைப்பில் நம்பிக்கை இல்லை. பழைய நூல்களில் அவையடக்கம் என்று ஒரு பகுதி உண்டு. ஆயிரக்கணக்கில் பாடப் போகிற புலவர், எனக்குப் பாடத் தெரியாது, பிழை பொறுக்க வேண்டும் என்று தொடங்குவார். அதைப் படித்துவிட்டு, சரி, தெரியாதுபோலிருக்கிறது என்று புத்தகத்தை மூடிவைத்தவர் யாரும் இல்லை. தெரியாது என்று அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களின் தன்னடக்கத்தில் பாதி இந்த வகை. மீதிப் பாதியை அவர்கள் இறந்த பிறகு மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சங்கரவடிவு புறப்படும்போது, “உங்களுக்குப் பொருத்தமான அணிதான் மேடம். முதல்வர் பொறுப்பு கைக்கு வந்து போனப்பகூட நீங்க ஒண்ணுமே சொல்லலியே” என்றாள். இரண்டு வருடத்துக்கு முந்திய விஷயம். என்னைவிட இளையவரான தாவரவியல்காரருக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை.

மே 8, வியாழன்

கேஸ் வரவில்லை.

கதைகள் சேர்க்கிறேன். மாமனிதர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொண்ட கதைகள் என்று கேட்டால் கைப்பேசி கூடை கூடையாகக் கொட்டுகிறது. ஒவ்வொன்றாக எடுத்து, யார் சொன்னார், யார் கேட்டார், எப்போது எழுதினார் என்று பார்த்தேன். காலையில் பெரிய கூடையாக இருந்தது மாலையில் கைப்பிடி அளவாகிவிட்டது. ஒரே நகைச்சுவையை மூன்று நாட்டுத் தலைவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தான் இறந்து சில வருடம் கழித்துச் சொல்லியிருக்கிறார்.

எஞ்சியதில் எனக்குப் பிடித்தது சாக்ரட்டீஸின் மூக்கு. சப்பை மூக்கு, பிதுங்கிய கண். நேராக மட்டும் பார்க்கிற உங்கள் கண்ணைவிடப் பக்கவாட்டிலும் பார்க்கிற என் கண் உசத்தி, தரையைப் பார்க்கிற உங்கள் மூக்கைவிட நாலு திசை வாசனையும் வாங்குகிற என் மூக்கு உசத்தி, ஆகவே நான்தான் அழகன் என்று விருந்தொன்றில் வாதாடினாராம். எழுதியவர் அவரோடு பழகியவர். அவர்மீது பிரியம் உள்ளவர்கள் எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. இருந்தாலும் படித்தபோது சிரிப்பு வந்தது. இதைக் கடைசியாகச் சொல்வதாக இருக்கிறேன்.

மே 10, சனி

கேஸ் வந்தது.

மே 12, திங்கள்

விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கப் படம் கேட்டார்கள். “என் படமெல்லாம் எதற்கு” என்று சொன்னேன். மரியாதைக்கு எல்லோரும் சொல்வதுதான். பெரும்பாலும் இன்னொரு முறை கேட்பார்கள். இவர்கள் கேட்கவில்லை.

இன்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். நடுவில் நடுவர், ‘சிரிப்பருவி’ தீர்த்தாரப்பன், ஆளுயரத்துக்கு. சுற்றிலும் பேச்சாளர்கள் வட்ட வட்டமாகச் சிரிக்கிறார்கள். என் வட்டத்தில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது. கீழே ‘முனைவர் குழல்வாய்மொழி’ என்று பெயர்.

மதியம் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். “பஸ் ஸ்டாண்டுல பாத்து உசுரே போயிட்டும்மா. விளக்கும் பேரும் மட்டும் போட்டிருக்காங்களே, என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்.”

நான் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் காய்கறி வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்ட் வழியாகவும், ரயில்வே கேட் வழியாகவும், பெருமாள் கோயில் முக்கு வழியாகவும் போய்வந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது. எல்லா இடத்திலும் விளக்குதான்.

மே 15, வியாழன்

நல்ல புடவைகளில் ஒன்றுக்கு ஃபால்ஸ் பிரிந்திருந்தது. அதனால் புதிதாக ஒன்று வாங்கினேன், மயில்கழுத்து நிறத்தில். அதற்கேற்ற செருப்பும். மெல்லிய வார், சின்னக் குதி. நயினார் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார்.

“இது தாங்குமா?”

“மேடையில் நடக்கவா போகிறேன், உட்காரத்தானே போகிறேன்.”

விண்ணப்பம் எட்டு ஆகியிருக்கிறது. எட்டாவது பையன் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டதாகவும் மாற்ற வேண்டும் என்றும் அலுவலகத்தில் கேட்டிருக்கிறான். ஏழுதான்.

மே 19, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு மாறிவிடும்.

சந்தைத் திடலில் மேடை. நடுவருக்குச் சிவப்பு வெல்வெட்டும் பொன் பூச்சும் உள்ள சிம்மாசனம், எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. தீர்த்தாரப்பன் எழுந்து, தான் மிகச் சாதாரணமானவன் என்று தொடங்கினார். தன்னைச் சாதாரணமானவன் என்று நிறுவ அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நடுவில் சிங்கப்பூரும் துபாயும் வந்தன. இரண்டு இடத்திலும் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அப்போதும் அவர் சாதாரணமாகவே இருந்தாராம்.

பேச்சாளர்களை அறிமுகம் செய்கையில் என்னிடம் வந்தார். “இவங்க பேரு குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பேரு. வாயத் தொறந்தா புல்லாங்குழல்னு அர்த்தம். கேப்போம், கேப்போம்!” என் குரல் இரும்பு பீரோவின் கதவைப் போன்றது என்பது என் மாணவர்களின் கருத்து. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் அறிவு அணியில் ஓர் எல்.ஐ.சி. முகவர் பேசினார். ஐன்ஸ்டீனின் கார் டிரைவர் கதை. தினமும் அதே சொற்பொழிவைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான டிரைவர், ஒருநாள் ஐன்ஸ்டீன் வேடத்தில் மேடையேறிப் பேசிவிடுகிறார். ஒருவர் கடினமான கேள்வி கேட்கிறார். “இதுக்கு என் டிரைவரே பதில் சொல்லுவாரு” என்று பின்வரிசையில் இருக்கும் ஐன்ஸ்டீனைக் காட்டிவிடுகிறார். முகவர் டிரைவருக்குச் சின்னராசு என்று பெயரும் வைத்திருந்தார். திடல் அதிர்ந்தது. முன்வரிசையில் நயினார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். வணக்கம் சொல்லிவிட்டு என் கருத்துக்குப் போயிருக்க வேண்டும். முடியவில்லை.

“முன்னவர் சொன்ன சம்பவத்துக்கு ஆதாரம் இல்லை” என்றேன். “இதே கதையை வேறு விஞ்ஞானிகளைப் பற்றியும் சொல்கிறார்கள்.”

திடலில் ஒரு குழந்தை அழுவது கேட்டது.

நடுவர் மைக்கை இழுத்தார். “அப்ப சின்னராசு வேலைக்கே வரலையா மேடம்?”

சிரிப்பு. “ஐன்ஸ்டீன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்கிறார்கள். ஆகவே யாராவது ஓட்டியிருக்கலாம். மேடை ஏறியதற்குத்தான் ஆதாரம் இல்லை” என்றேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் சிரித்தார்கள்.

பிறகு லிங்கன். எதிரி ஒருவர் அவரை இரட்டை முகம் கொண்டவர் என்று திட்ட, இன்னொரு முகம் இருந்தால் இதையா மாட்டிக்கொண்டு வருவேன் என்று லிங்கன் கேட்டாராம். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கூட்டம் சிரிக்க வாயெடுக்கும்போது, “என்று சொல்கிறார்கள். அவர் காலத்துப் பதிவு எதையும் நான் பார்க்கவில்லை” என்று சேர்த்தேன். சிரிப்பு நின்று, திரும்பி, இன்னும் பலமாக வந்தது.

பிறகு நியூட்டன். முன்னோரின் தோள்மீது நின்றதால்தான் தூரம் பார்க்க முடிந்தது என்று எழுதியவர். “இதற்குக் கடிதம் இருக்கிறது” என்றேன். எங்கள் அணி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. “ஆனால் அதை எழுதியது தனக்கு ஒத்துப்போகாத ஒரு போட்டியாளருக்கு. ஆகவே அது பணிவுதானா என்பதற்கு...” என்று நிறுத்தினேன்.

“ஆதாரம் இல்லை!” என்று திடலே சேர்ந்து கத்தியது.

சங்கரவடிவு நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. சாக்ரட்டீஸின் மூக்குக்கு நேரமில்லை. அடக்கத்தின் அணியில் நின்று, மாமனிதர்களின் அடக்கத்துக்கு ஆதாரமில்லை என்று நிரூபித்துவிட்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பு: அறிவோடு கூடிய அடக்கமே. இது கூட்டத்துக்கு முதலிலேயே தெரியும்.

பிறகு பொன்னாடை. சங்கத்தில் பொருளாளர், துணைப் பொருளாளர், முன்னாள் பொருளாளர் எல்லோரும் மேடை ஏறினார்கள். நான் ஆடை வாங்க எழுந்தபோது என் நாற்காலியில் முன்னாள் பொருளாளர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஓர் அடி வைத்தேன். செருப்பு வார் அறுந்தது. ஒற்றைக் காலில் நிற்க முடியாது. மேடைப் படியில் உட்கார்ந்து, வார் ஒட்டுமா என்று பார்த்தேன்.

“மேடம், மேல வாங்க! ஏல, மேடத்துக்கு ஒரு சேர் போடுங்கல!” என்று திரவியம் மைக்கிலேயே கத்தினார்.

“வேண்டாம் சார். செருப்பு அறுந்துவிட்டது” என்றேன். அதே நேரம் திடலின் ஓரத்தில் வெடி போட்டார்கள். நான் சொன்னது முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கலாம்.

சற்று நேரத்தில் முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது பின்னால் பின்னால் போய்த் திடல் முழுக்கப் பரவியது. செருப்பு அறுந்ததற்கு ஏன் இவ்வளவு கைதட்டல் என்று புரியவில்லை. பொன்னாடையில் செருப்பைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

துறை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். இன்று கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். தலைவலி.

மே 20, செவ்வாய்

பால்காரர் என்னைப் பார்த்து, “ஆதாரம் இல்ல!” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

மே 22, வியாழன்

சங்கரவடிவு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பேச்சு கிடக்கட்டும் மேடம். அந்தப் படியில உக்காந்து ஒண்ணு சொன்னீங்க பாருங்க! ஊரே அதத்தான் பேசுது.”

“என்ன சொன்னேன்?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறதப் பாரு! ‘நாற்காலிக்காக அடிச்சிக்கிட்டவங்க கதையத்தான் வருஷம் பூரா நடத்துறேன், நானும் அடிச்சிக்கிட்டா அந்தப் பாடத்த யாரு நடத்துறது?’ன்னீங்களே.”

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். செருப்பு என்றேன். அவள் கேட்பதாக இல்லை.

அந்த வாக்கியத்தை இங்கே எழுதியதற்குக் காரணம், ஊரில் நிலவும் வடிவத்தைப் பதிவு செய்வது. மோசமான வாக்கியம் இல்லை. ‘நானும்’ என்பதில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். சமையலறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

மே 26, திங்கள்

விண்ணப்பம் பன்னிரண்டு.

ஆராய்ச்சி முறைப்படி மூலத்தைத் தேட முடிவு செய்தேன். சங்கரவடிவுக்குச் சொன்னவர் திரவியம். திரவியத்திடம் கேட்டேன்.

“நான் எங்க கேட்டேன் மேடம், வெடிச் சத்தத்துல? சிரிப்பருவிதான் சொன்னாரு. கேட்டதும் கண்ணு கலங்கிட்டு. நாற்காலி குடுக்காத எங்களையே கூசிப்போக வச்சிட்டீங்களே.”

தீர்த்தாரப்பனுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“என் காதாலயே கேட்டேன் மேடம்! இன்னிக்கு வரைக்கும் ஒலிக்குது.”

“உங்கள் சிம்மாசனம் மேடையின் மறுகோடியில் இருந்தது. இடையில் வெடி.”

“அப்படியா?” என்று கொஞ்சம் யோசித்தார். “முன்வரிசையில ஒருத்தர் பக்கத்து ஆளுகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு. பொருளாளர் வந்து என் காதுல போட்டாரு. மொதல்ல சொன்னவரு கண்ணாடி போட்ட மனுசன். சட்டப் பையில ரெண்டு பேனா வச்சிருந்தாரு.”

வங்கிக்கு வருகிறவர்கள் பேனா வாங்கினால் திருப்பித் தருவதில்லை. அதனால் தனக்கு ஒன்று, தொலைப்பதற்கு ஒன்று என்று நயினார் எப்போதும் இரண்டு வைத்திருப்பார்.

மே 27, செவ்வாய்

நயினார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தானாக ஆய மாட்டார்.

“என்னங்க, அந்த நாற்காலி விஷயம் நீங்க கெளப்பினதா?”

“எந்த நாற்காலி?” கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“ரெண்டு பேனா.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “பக்கத்துல இருந்தவன் கேட்டான், மேடம் என்ன சொல்லுதாங்கன்னு. செருப்பு அறுந்துட்டுன்னா சொல்லுவேன்?”

“அதானே நடந்தது.”

“நடந்தது அதான். பாத்தா அப்படி இல்லியே. அந்தாளு உன் நாற்காலியில ஜம்முனு உக்காந்திருக்கான், நீ படியில உக்காந்திருக்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. சட்டுனு வந்திட்டு.”

“நீங்களா யோசிச்சீங்க?”

“எனக்கு எங்க அதெல்லாம் வரும்? நீ சொன்னதுதான். முதல்வர் பதவிய அந்தச் செடிகொடி வாத்தியாருக்குக் குடுத்தாங்கள்லா, அன்னைக்கு. சாம்பாருக்குத் தாளிச்சிக்கிட்டே சொன்ன. பொறவு கரண்டிய டமார்னு போட்ட. அதுல கைப்பிடி போனதுதான், இன்னும் ஆடுது.”

எனக்கு நினைவில்லை. கரண்டியின் கைப்பிடி ஆடுவது உண்மை. ஆனால் ஒரு கரண்டியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சொல்லியிருந்தாலும், அது அடக்கத்தில் சொன்னதாக இருக்காது.

கீரைப் பொரியலில் உப்பு கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

பதினைந்து.

உள்ளூர் கேபிளில் தீர்த்தாரப்பனின் வேறொரு நிகழ்ச்சி. நாற்காலிக் கதையைச் சொன்னார். இப்போது அதில் அவரும் இருக்கிறார். சிம்மாசனத்திலிருந்து எழுந்து, “அம்மா, இதில் அமருங்கள்” என்கிறார். நான் மறுத்து, அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். அவர் என் காலடியில் படியில் உட்கார்ந்துவிடுகிறார். கதை முடியும்போது, என்னைவிட அவர் ஒரு படி கீழே இருக்கிறார்.

நயினார் சிரிக்க ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானும் சிரித்துவிட்டேன். தொடர்ந்து சிரித்தோம்.

நான் படியில் உட்கார்ந்த காட்சி கைப்பேசியிலும் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. கீழே எழுதியிருக்கும் கருத்துகளில் ஒருவர் மட்டும் புடவையைப் பாராட்டியிருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

பதினெட்டு. செருப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கினேன். தைத்த இடம் நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் பதினெட்டுதான். ஒரு வாரமாக அசையவில்லை. கணினித் துறையிலிருந்து ஒருவர் வந்து எங்கள் அறையின் சுவரை நாடாவால் அளந்துவிட்டுப் போனார்.

மதியம் ஓர் அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அப்பா கயத்தாறு பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். பெண் பெயர் இசக்கிப்ரியா. நல்ல மதிப்பெண். அப்பாவின் கையில் பி.பி.ஏ. விண்ணப்பம் இருந்தது. பெண்ணின் கையில் வரலாறு. இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து முடிவு செய்ய வந்திருக்கிறார்கள்.

“இவ உங்ககிட்டத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா மேடம். ரெண்டு கூட்டாளிப் பிள்ளைகளும் இவ சேந்தா சேருவாங்களாம்.”

“எங்கிட்டன்னு எதனால?”

பெண் தலை குனிந்தபடி அந்த நாற்காலி வாக்கியத்தைச் சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை. ‘நானும்’ என்பதில் சரியான அழுத்தம். “எங்க ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுல யாருக்கு முதல் மரியாதைன்னு வருஷா வருஷம் அடிச்சிக்கிடுவாங்க மேடம். அன்னைக்குத்தான், வேண்டாம்னு ஒருத்தங்க கீழ உக்காந்து பாத்தேன். அப்படி ஒரு ஆளுகிட்டப் படிக்கணும்னு இருக்கு.”

பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று பேர் சேர்ந்தால் இருபத்தொன்று. சுவரில் நாடா வைத்த இடத்தில் பென்சில் கோடு தெரிந்தது. நானாக எதையும் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

ஆனால் இவள் என்னிடம் வரலாறு படிக்க வந்திருக்கிறாள்.

“நான் அன்னைக்கு மேடையில அப்படிச் சொல்லலைம்மா” என்றேன். “வேண்டாம்னும் உக்காரலை. என் இடத்துல வேற ஒருத்தர் உக்காந்துட்டார். செருப்பு வார் அறுந்துட்டு, அதப் பாக்கத்தான் படியில உக்காந்தேன். ‘செருப்பு அறுந்துவிட்டது’ன்னு மட்டும்தான் சொன்னேன். மத்ததெல்லாம் மத்தவங்க சொன்னது.”

பெண் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். கையிலிருந்த பி.பி.ஏ. விண்ணப்பத்தை மெதுவாக நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பாத்தியா பாப்பா” என்றார். “ஊரே சொல்லுது, இவங்க சொல்லலைங்காங்க. அதான் அடக்கம். நீ இங்கயே படி.”

“சார், நான் நிஜமாவே...”

“போதும் மேடம், போதும்” என்று எழுந்து கும்பிட்டார்.

ஜூன் 30, திங்கள்

இருபத்தொன்று. திரவியம் தொலைபேசியில் பேசினார். “இந்த வருசம் சரக்கு போயிட்டு மேடம். அடுத்த வருசமும் பட்டிமன்றத்துல ஒரு சேர் கொறச்சே போடச் சொல்லுதேன்.”

நயினார் பாயசம் வைத்தார். பால் அடிப்பிடித்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

முதல் வகுப்பு. ஆதாரம் என்றால் என்ன என்பதில் தொடங்கினேன். யார் சொன்னார், யார் கேட்டார், எப்போது எழுதினார்.

உதாரணத்துக்கு என்னையே எடுத்துக்கொண்டேன். வெடி, முன்வரிசை, இரண்டு பேனா எல்லாவற்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். கரண்டியை விட்டுவிட்டேன். அது தனி ஆய்வு. கடைசியில், நேரடிச் சான்று இதோ என்று தைத்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினேன். வகுப்பில் ஆசிரியர் செருப்பைக் கையில் எடுப்பதற்கு நம் ஊரில் வேறு பொருள் இருப்பதால் முதல் வரிசை சற்றுப் பின்வாங்கியது. பிறகு எட்டிப் பார்த்தார்கள். தையலை நன்றாகவே பார்த்தார்கள். இதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியாது.

நேரம் இருந்ததால் சாக்ரட்டீஸின் மூக்கையும் சொன்னேன். சிரித்தார்கள். நானும்.

மணி அடித்த பிறகு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தேன். இசக்கிப்ரியாவின் நோட்டு திறந்திருந்தது. முதல் பக்கத்தில் ஒரே வரி: “எங்கள் பேராசிரியை தன் கிழிந்த செருப்பை எல்லோருக்கும் காட்டும் அளவுக்கு எளிமையானவர்.”

மேலே இன்றைய தேதி போட்டிருந்தாள். கண்ணால் கண்டவர் அன்றே எழுதிய பதிவு. இனி நான் மறுப்பதற்கில்லை.